309 லிட்டர் எங்கே போனது? மலையடிவாரப் பால் சங்கம் ஒன்றின் ஊக்கத்தொகைப் பட்டியல்: நிகழ்வு ஆய்வு

பின்னணி

சேலம் மாவட்டத்தில், சேர்வராயன் மலையின் அடிவாரத்தில் உள்ள ஒரு கிராமத்தின் தொடக்கப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்தில் 2024-ஆம் ஆண்டு நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். கூட்டுறவுத் தணிக்கைப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இந்த விவகாரத்தில் முதலில் ஆலோசனை சொல்பவனாக நுழைந்தேன். பின்னர் அதில் விளைந்த தவறுகளில் ஒன்றுக்கு நானும் காரணமானேன். ஊரின் பெயரும் ஆட்களின் பெயர்களும் வேண்டுமென்றே விடப்பட்டுள்ளன.

பசும்பால் கொள்முதல் விலை 2022 நவம்பர் 5 முதல் லிட்டருக்கு 35 ரூபாயாகவும் எருமைப்பால் விலை 44 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டன. அதற்கு மேல், 2023 டிசம்பர் 18 முதல், கூட்டுறவுச் சங்கங்களுக்குப் பால் ஊற்றுவோருக்கு லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகையைத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. ஊற்றுபவரின் கணக்கில் 35 ரூபாயும் 3 ரூபாயும் சேர்ந்து 38 ரூபாய்தான். ஆனால் இரண்டும் ஒரே வகைப் பணம் அல்ல. கொள்முதல் விலை என்பது ஊற்றிய பாலுக்கு, அதன் கொழுப்பையும் இதர சத்தையும் பார்த்து, சங்கம் உறுப்பினருக்குத் தரும் கூலி. அது அவர்கள் இருவருக்கும் இடையிலான கணக்கு. ஊக்கத்தொகையோ அரசு கொடுக்கும் பொதுப்பணம். யாருக்கு, எத்தனை லிட்டருக்கு, எந்த அடிப்படையில் போனது என்று கேட்கும் உரிமை ஊரில் எல்லோருக்கும் உண்டு. இந்த வேறுபாட்டைச் சங்கத்தில் யாரும் பேசியிருக்கவில்லை. தணிக்கையில் காலம் கழித்த நானும் அதன் முழுப் பொருளைப் பின்னால்தான் உணர்ந்தேன்.

சங்கத்தில் அப்போது 132 உறுப்பினர் எண்களில் பால் பதிவாகிக்கொண்டிருந்தது. பெரும்பாலோர் இரண்டு மூன்று கலப்பினப் பசுக்கள் வைத்திருப்பவர்கள். சோளத்தட்டும், சேகோ எனப்படும் ஜவ்வரிசி ஆலைகளிலிருந்து வரும் மரவள்ளித் திப்பியும் (சக்கையும்), கடையில் வாங்கும் புண்ணாக்கும் தீவனம். தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகக் குழு பதவியில் இல்லை. பல சங்கங்களைச் சேர்த்துக் கவனிக்கும் தனி அலுவலர் ஒருவர் பொறுப்பில் இருந்தார். அன்றாட வேலை முழுவதும் செயலர் ஒருவரின் தோளில் கிடந்தது.

முதலில் தெரிந்த வேறுபாடு

2024 ஜனவரி முதல் மார்ச் வரையிலான ஊக்கத்தொகை மே மாதத்தில் மொத்தமாக வங்கிக் கணக்குகளில் ஏறியது. இரண்டு கறவை மாடு வைத்திருக்கும் ஒரு பெண்ணுக்கு 1,528 ரூபாய் 80 காசு வந்தது. ஏறக்குறைய அதே அளவு பால் ஊற்றும் பக்கத்து வீட்டுக்காரருக்கு 2,400 ரூபாய்க்கு மேல் வந்திருந்தது.

இப்படிப்பட்ட புகார்கள் வழக்கமாக வாய்ப்பேச்சோடு நின்றுவிடும். இவரிடம் ஆதாரம் இருந்தது. மாட்டுக்கொட்டகைத் தூணில் மாட்டியிருந்த மாதக் காலண்டரில், ஒவ்வொரு தேதிக்கும் கீழே காலைப் பாலையும் மாலைப் பாலையும் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். மாடு சினைக்கு வந்த நாள், ஊசி போட்ட நாள், திப்பி மூட்டை இறங்கிய நாள் எல்லாம் அதே கட்டங்களுக்குள் இருந்தன. மூன்று மாதத்தையும் கூட்டினால் 819 லிட்டர். மூன்றால் பெருக்கினால் 2,457 ரூபாய். வந்த தொகையை மூன்றால் வகுத்தால் 509.6 லிட்டர். இடைவெளி 309.4 லிட்டர்.

பால் ஊற்றும்போது மெஷின் தரும் சீட்டுகளையும் அவர் அரிசி டிரம்முக்கு மேல் ஒரு பையில் சேர்த்து வைத்திருந்தார். வாங்கிப் பார்த்தபோது ஜனவரிச் சீட்டுகள் வெறும் வெள்ளைத் தாளாக இருந்தன. வெப்பத்தில் அச்சாகும் அந்தத் தாளில் எழுத்து சில வாரங்களில் மங்கிவிடுகிறது. நவீன ரசீது அழிந்துபோக, பென்சில் எழுத்து நின்றது. சீட்டு முறை வருவதற்கு முன் எல்லோரிடமும் இருந்த பால் அட்டையைக் கைவிட்டதில் சங்கங்கள் எதை இழந்தன என்று அப்போது தோன்றியது.

செயலரிடம் கேட்டதற்கு, கம்ப்யூட்டரில் வந்ததுதான் கணக்கு என்றும், உள்ளூர் விற்பனைக்குப் போன பாலுக்கு ஊக்கத்தொகை வராது என்றும் பதில் கிடைத்தது. உள்ளூர் விற்பனை சங்கத்தின் மொத்தப் பாலிலிருந்து கழிவதே தவிர, ஒரு தனி ஆளின் பாலிலிருந்து மட்டும் கழிய வழியில்லை. அந்தப் பெண் சொன்னது இன்னும் சுருக்கமாக இருந்தது: “தண்ணி கலந்தா மெசினு கண்டுபிடிக்குதில்லீங்க, எம்பேர்ல பாலு கொறஞ்சா மட்டும் அதுக்குத் தெரியாதுங்களா?”

தகவல் தேடிய வழி

மே மாதம் முழுவதும் மக்களவைத் தேர்தல் நடத்தை விதிகள் நடைமுறையில் இருந்ததால் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர்க்கும் கூட்டம் நடக்கவில்லை. ஜூன் மாதத்தில் அங்கே மனு கொடுக்கப்பட்டது. அதோடு, 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு விண்ணப்பத்தையும் நான் எழுதிக் கொடுத்தேன்.

விண்ணப்பத்தை யாருக்கு அனுப்புவது என்பதே முதல் கேள்வி. கூட்டுறவுச் சங்கம் என்பதாலேயே ஒன்று, தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட பொது அதிகார அமைப்பாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் தலப்பலம் கூட்டுறவு வங்கி வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. எனவே சங்கச் செயலருக்கு அனுப்பினால், சட்டம் எங்களுக்குப் பொருந்தாது என்று திருப்பிவிட இடமுண்டு. அதே தீர்ப்பு வேறொரு வழியைத் திறந்து வைத்திருக்கிறது. கூட்டுறவுச் சங்கங்களின் பதிவாளர் நிலையில் உள்ள அலுவலர் பொது அதிகார அமைப்பு. கூட்டுறவுச் சட்டப்படி சங்கத்திடமிருந்து அவர் கேட்டுப் பெறக்கூடிய தகவலை, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 2(எஃப்) பிரிவின்படி அவரிடம் கேட்கலாம். அந்த வழியிலேயே, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, துறை அலுவலகத்துக்கு விண்ணப்பம் போனது.

மானியத் திட்டங்கள் நிறைவேற்றப்படும் முறை, ஒதுக்கிய தொகை, பயனாளிகளின் விவரம் ஆகியவற்றை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்று 4(1)(பி) பிரிவின் பன்னிரண்டாம் உட்பிரிவு சொல்கிறது. அதை மேற்கோள் காட்டி, எல்லாப் பயனாளிகளின் பெயரையும் தொகையையும் கேட்டிருந்தேன். முப்பது நாளுக்குள் பதில் வந்தது. உறுப்பினர் எண்ணும் லிட்டரும் கொடுக்கப்பட்டிருந்தன. தனிநபர் தகவல் பற்றிய 8(1)(ஜெ) பிரிவைக் காட்டிப் பெயர்கள் மறுக்கப்பட்டிருந்தன.

அந்தப் பதிலை முதலில் குறைவாக மதிப்பிட்டேன். பெயரில்லாத பட்டியலில் என்ன தெரியும் என்று அந்தப் பெண்ணிடமும் சொன்னேன். அவர் தம் எண்ணுக்கு எதிரே 509.6 என்று இருப்பதைப் பார்த்தார். பிறகு விரலால் கீழே இறங்கிக்கொண்டே போய் 309.4 என்ற எண்ணைக் கண்டுபிடித்து நிறுத்தினார். அது பல ஆண்டுகளுக்கு முன் காலமான அவருடைய மாமனாரின் எண்.

காலைப் பாலை மருமகள் கொண்டுபோகிறார். மாலைப் பாலை மாமியார் கொண்டுபோகிறார். மாமியார் தம் கணவரின் பழைய எண்ணைச் சொல்லியே ஊற்றிவந்திருக்கிறார். பட்டுவாடா நாளில் அந்த எண்ணுக்குரிய பணத்தைச் செயலர் அவர் கையில் ரொக்கமாகக் கொடுத்துவந்ததால் பால் விலையில் குறை தெரியவில்லை. ஊக்கத்தொகை மட்டும் வங்கிக்குப் போய், மூடப்பட்ட கணக்கு என்பதால் திரும்பியிருந்தது. அதாவது, இங்கே திருட்டு எதுவும் நடக்கவில்லை.

சுவரில் ஒட்டப்பட்ட தாள்

இத்துடன் விவகாரம் முடிந்திருக்கலாம். ஆனால் எண்வாரிப் பட்டியல் ஊரில் கைமாறியதும் வேறொரு கேள்வி எழுந்தது. மூன்று நான்கு எண்களில் நாளொன்றுக்கு 35 லிட்டர், 40 லிட்டர் என்று பதிவாகியிருந்தது. அத்தனை மாடு வைத்திருப்பவர் ஊரில் ஒருவரோ இருவரோதான். பெயரோடு பட்டியல் வேண்டும் என்று பலர் கேட்டனர். நானும் அதை ஆதரித்தேன். 2020-இல் பிரதமரின் விவசாயிகள் நிதித் திட்டத்தில் தகுதியில்லாதவர்களின் கணக்குகளுக்குப் பணம் போனது தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் வெளிப்பட்டு, சி.பி.சி.ஐ.டி. விசாரணை வரை சென்றது எங்கள் எல்லோருக்கும் நினைவிருந்தது. அப்படிப்பட்ட பிழைகளை அலுவலகத்தில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது, ஊரார் பெயரைப் படித்தால் ஒரே நாளில் பிடிபடும் என்பது என் வாதம். வாதத்தில் தவறில்லை; அது நிறைவேறிய விதத்தில்தான் தவறு நேர்ந்தது.

ஆகஸ்ட் மாதம் ஒருநாள் காலை, கேள்விகளால் சலித்துப்போன செயலர், வங்கிக்கு அனுப்பிய தாளை அப்படியே நகலெடுத்துச் சங்கக் கட்டடத்தின் வெளிச்சுவரில் ஒட்டிவிட்டார். பெயர், முழு வங்கிக் கணக்கு எண், தொகை எல்லாம் அதில் இருந்தன. பால் ஊற்ற வந்தவர்கள் கேனைக் கீழே வைத்துவிட்டுக் கைப்பேசியில் படம் பிடித்தார்கள்.

தாள் இரண்டு நாள் சுவரில் இருந்தது. அந்த இரண்டு நாளில் நல்லது ஒன்றும் கெட்டது ஒன்றும் நடந்தன. நல்லது, மாடுகளை விற்று ஓராண்டுக்கு மேலாகிவிட்ட ஒருவரின் பெயரில் கணிசமான தொகை இருப்பதை விடிகாலையில் பால் ஊற்றும் பெண்களே முதலில் கண்டுபிடித்தது. கெட்டது, கணவரை இழந்த ஒரு பெண்மணிக்கு நேர்ந்தது. இந்த வாரம் தவணை கட்டப் பணமில்லை என்று குழுக்கடன் வசூலிக்க வரும் இளைஞரிடம் அவர் சொல்லி அனுப்பியிருந்தார். தாளின் படத்தைப் பார்த்துவிட்டு அந்த இளைஞர் மறுநாளே திரும்பி வந்து, அவர் பெயருக்கு எதிரே இருந்த தொகையைத் தெருவில் நின்று உரக்கப் படித்தார். அந்தப் பணம் ஏற்கெனவே மாட்டு வைத்தியத்துக்கும் தீவனக் கடை பாக்கிக்கும் போய்விட்டிருந்தது. சுவரிலிருந்து தாளைக் கிழித்தாயிற்று; கைப்பேசிகளிலிருந்து கிழிக்க முடியவில்லை.

பெயரும் தொகையும் கேட்டு விண்ணப்பம் எழுதியவன் நான். கணக்கு எண்ணை ஒட்டச் சொல்லவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் எது வெளியில் வரவேண்டும், எது வரக்கூடாது என்று முன்கூட்டி எழுதிக் கொடுக்காதது என் குறை.

செயலரின் நோட்டு

மாடு விற்றவரின் பெயரில் பால் எப்படி வந்தது என்று தனி அலுவலர் கேட்டபோது, செயலர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து வைத்தார். நான்கு உறுப்பினர் எண்களுக்குக் கீழே தினமும் யார் யார் எவ்வளவு ஊற்றினார்கள் என்று அதில் எழுதியிருந்தது. பெயருக்குப் பதிலாக “மேட்டுக்காடு”, “புளியமரம்”, “மலைக்கார ஆயா” என்று அடையாளங்கள். மொத்தம் பதினோரு குடும்பங்கள். உறுப்பினர் ஆகாதவர்கள்; சிலர் குத்தகைக்கு இருப்பவர்கள், சிலர் மலைச்சரிவிலிருந்து தூக்குப் பாத்திரத்தில் பாலோடு இறங்கி வரும், ‘மலையாளி’ என்று அழைக்கப்படும் இம்மலைப் பழங்குடியினர்.

மெஷினில் உறுப்பினர் எண் போடாமல் பாலைப் பதிவு செய்ய முடியாது. புதிய உறுப்பினர் சேர்க்கையோ, குழு இல்லாததால் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. எனவே வேறொருவர் எண்ணில் பாலை ஏற்றி, விலையை ரொக்கமாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார். பால் விலையில் ஒரு ரூபாய்கூடப் பிசகவில்லை. நோட்டை மூன்று நாள் உட்கார்ந்து சரிபார்த்த நானே அதற்குச் சாட்சி. ஆனால் ஊக்கத்தொகை வந்தபோது அது எண்ணுக்கு உரியவரின் வங்கிக் கணக்கில் ஏறியது, பால் ஊற்றிய பதினோரு குடும்பத்துக்கும் சேரவில்லை. நால்வரில் ஒருவர் மாடே இல்லாதவர். முந்தைய நிர்வாகத்தில் இருந்த ஒருவரின் உறவினர். அரசுக்குப் போன கணக்கு பொய், இழுப்பறையில் இருந்த கணக்கு உண்மை என்ற நிலையை என் பணிக்காலம் முழுவதும் நான் சந்தித்ததில்லை. சந்தித்தும் கவனிக்காமல் விட்டிருக்கலாம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

செப்டம்பர் மாதத்தில், காலைப் பால் ஊற்றும் நேரத்திலேயே, சங்க வாசலில் ஒரு கூட்டம் நடந்தது. மாலையில் வைத்தால் ஆண்கள் மட்டும் வருவார்கள் என்று பெண்கள் சொன்னதால் அந்த நேரம் தேர்ந்தெடுக்கப்பட்டது.

வெளியிடுவதையே நிறுத்திவிடலாம் என்ற கருத்து அங்கே வலுவாக இருந்தது. கடன்காரர் தெருவில் நின்ற காட்சி யாருக்கும் மறக்கவில்லை. மறுபுறம், பெயர் வெளியாகாமல் இருந்திருந்தால் மாடில்லாதவர் தொடர்ந்து வாங்கிக்கொண்டிருப்பார். இந்த இழுபறி நமக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் வேளாண் மானியம் பெற்றவர்களின் பெயரையும் தொகையையும் இணையத்தில் வெளியிட்டுவந்தார்கள். தனிநபர்களைப் பொறுத்தவரை அது அளவுக்கு மீறியது என்று அங்குள்ள நீதிமன்றம் 2010 நவம்பர் 9 அன்று தீர்ப்பளித்தது. பின்னர் சிறு தொகை பெறுவோரின் பெயரை மட்டும் விட்டுவிட்டு வெளியீடு மீண்டும் தொடங்கியது. நம் பால் சங்கத்திலோ எல்லோரும் சிறு தொகை பெறுவோர். அந்த வழி இங்கே உதவாது.

நீண்ட பேச்சுக்குப் பின், ஒரு தாளுக்குப் பதிலாக இரண்டு தாள் என்று முடிவானது. முதல் தாளில் பால் ஊற்றும் எல்லோரின் பெயர்களும் அகர வரிசையில் இருக்கும். எண்ணும் இராது, தொகையும் இராது. இரண்டாம் தாளில் உறுப்பினர் எண்ணும் லிட்டரும் மட்டும் இருக்கும், பெயர் இராது. வங்கி விவரம் எதிலும் கிடையாது. தம் எண்ணைத் தெரிந்தவர் இரண்டாம் தாளில் தம் லிட்டரைக் காலண்டரோடு ஒப்பிடலாம். மாடில்லாதவர் பெயர் இருந்தால் முதல் தாளைப் படிப்பவர் பிடித்துவிடுவார். முதல் தாளின் பெயர்களை எண்ணினால் வரும் தொகையும், இரண்டாம் தாளின் வரிகளை எண்ணினால் வரும் தொகையும் ஒன்றாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் பால் இன்னொருவர் எண்ணில் போகிறது என்று பொருள். இரண்டாம் தாளின் லிட்டர் கூட்டுத்தொகை, மாவட்டப் பால் ஒன்றியத்துக்கு அனுப்பிய பாலும் உள்ளூர் விற்பனையும் சேர்ந்த அளவோடு பொருந்துகிறதா என்பதையும் அடியில் எழுதவேண்டும் என்று நான் சேர்த்துக்கொண்டேன். தணிக்கைக்காரனின் பழக்கம் அது.

இந்த ஏற்பாடு முழு மறைப்பைத் தராது. நாளுக்கு 30 லிட்டர் ஊற்றுபவர் யார் என்று எண்ணைப் பார்த்தே ஊர் சொல்லிவிடும். ஆனால் இரண்டு மாடு வைத்திருப்பவர்கள் ஒருவரோடு ஒருவர் கலந்து மறைந்துவிடுகிறார்கள், தெருவில் நிற்கும் கடன்காரருக்குத் தேவையான வரி கிடைப்பதில்லை என்பது போதுமானதாகக் கருதப்பட்டது.

பின் நடந்தவை

தனி அலுவலர் தமக்குள்ள அதிகாரத்தில் புதிய உறுப்பினர் விண்ணப்பங்களை எடுத்துக்கொண்டார். பதினோரு குடும்பங்களில் ஒன்பது பங்குத்தொகை கட்டி உறுப்பினராயின. மாடில்லாதவரின் எண் நீக்கப்பட்டது. தம் கணக்கில் தவறாக ஏறிய ஊக்கத்தொகையை மூவர் திருப்பிக் கொடுத்தனர். அதில் இருவர், கேட்பதற்கு முன்பே கொண்டுவந்து கொடுத்தார்கள், ஏன் அதிகமாக வந்தது என்று அவர்களுக்கே தெரிந்திருக்கவில்லை. மாடில்லாதவர் மறுத்துவிட்டார், அது விசாரணையில் இருக்கிறது. செயலருக்கு எழுத்துமூல எச்சரிக்கை தரப்பட்டது. அவரை நீக்கவேண்டும் என்று சிலர் சொன்னபோது, அந்த நோட்டு இல்லாவிட்டால் யாருக்கு என்ன பாக்கி என்றே தெரிந்திருக்காது என்று மலைச்சரிவுக் குடும்பத்தார் எழுந்து பேசினார்கள்.

காலண்டர் வைத்திருந்த பெண்ணின் விவகாரம் எதிர்பாராத இடத்தில் முடிந்தது. மாலைப் பாலையும் மருமகளின் எண்ணிலேயே சேர்த்துவிடலாம் என்று நான் எளிதாகச் சொன்னேன். மாமியார் ஒரே வார்த்தையில் மறுத்தார். மாலைப் பால் பணம் ஒன்றுதான் அவர் கையில் நேராக வரும் வருமானம்; வெற்றிலைக்கும் பேரப்பிள்ளைக்கும் அதிலிருந்துதான் கொடுக்கிறார். ஆகவே இறந்தவரின் எண் வாரிசு முறையில் மாமியாரின் பெயருக்கு மாற்றப்பட்டு, புதிய வங்கிக் கணக்கு தொடங்கப்பட்டது. மருமகள் ஐந்து மாதமாகத் தேடிய 928 ரூபாய் 20 காசு மாமியாரின் கணக்கில் ஏறியது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காலண்டரில் இப்போது காலைப் பாலுக்கும் மாலைப் பாலுக்கும் வேறு வேறு நிறப் பென்சில்.

இன்று செய்தால் எப்படிச் செய்வேன்

விண்ணப்பத்தில் பெயரையும் தொகையையும் கேட்கமாட்டேன். எண்வாரி லிட்டரையும், மொத்தப் பால் அளவையும், திரும்பி வந்த தொகைகளின் பட்டியலையும் கேட்பேன். திரும்பி வந்த தொகை என்ற ஒரு வரியை முதலிலேயே கேட்டிருந்தால் மூடிய கணக்கின் சிக்கல் ஜூலையிலேயே தீர்ந்திருக்கும். பணத்தின் கணக்கைவிடப் பாலின் கணக்கு ஊற்றுபவரின் நினைவில் துல்லியமாக இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க அவர் கையில் ஏதோ ஒன்று இருக்கிறது.

எந்தத் தாளையும் ஒட்டுவதற்கு முன், அதில் என்னென்ன பத்தி வரும் என்று எழுதிச் செயலரிடம் கையெழுத்து வாங்குவேன். குழுக்கடன் பெண்மணியிடம் பின்னர் நேரில் சென்று வருத்தம் தெரிவித்தேன். தேநீர் கொடுத்தார், தாளைப் பற்றி எதுவும் பேசவில்லை. இரண்டாம் தாள் ஒட்டியபோது அவர் எண் எது என்று எனக்குத் தெரியாதிருந்தது ஓர் ஆறுதல்.

2025 ஜனவரியில் ஒட்டப்பட்ட தாள்களில் 142 பெயர்களும் 140 எண்களும் இருந்தன. வேறுபாடான இரண்டும் மலைச்சரிவில் உள்ள குடும்பங்கள். ஒருவரிடம் ஆதாரில் பெயர்ப்பிழை, இன்னொருவர் வங்கிக்குப் போய்வர ஒருநாள் கூலியை விடத் தயாராக இல்லை. அவர்களின் பால் யார் எண்ணில் ஏறுகிறது, அதற்கான ஊக்கத்தொகை எந்த நாளில் கையில் கொடுக்கப்பட்டது என்பது தாளின் அடியில், செயலரின் கையெழுத்தில், இரண்டு வரியாக எழுதப்பட்டிருக்கிறது.